தப்புக் கணக்குக்குத் தண்டம் கட்டுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உணவு வீணாவதைச் செயற்கை நுண்ணறிவு நிறுத்திவிடும், தேவையைத் துல்லியமாகக் கணித்துவிட்டால் இடைத்தரகர்களுக்கு வேலையே இருக்காது, விவசாயிக்கு நல்ல விலை, வாங்குகிறவருக்கு மலிவு என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் என்னிடம் கேட்டிருந்தால் நானும் இதையேதான், இன்னும் கொஞ்சம் பந்தாவாக, எழுதிக் கொடுத்திருப்பேன். நான் டேட்டா சயின்டிஸ்ட். தரவு அறிவியலாளர் என்றும் எழுதலாம், ஆனால் ஆபீசில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கடைகளுக்குக் காய், பழம், பால் மாதிரி சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு நாளைக்கு எவ்வளவு தேவைப்படும் என்று பழைய விற்பனையைப் பார்த்துக் கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல் கட்டுவதுதான் என் பிழைப்பு. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே, யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தராமல், தப்பு செய்து தப்பு செய்து கொஞ்சம் பொருளாதாரம் கற்றுக்கொண்டேன். அதைத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது. வெட்டுவதானால் நடுவில் வெட்டுங்கள், கடைசியில் கை வைக்காதீர்கள்.

முதல் அடி ஒரு கோட்டுப்படத்தில் விழுந்தது. ஒரு கடையில் ஒரு பழம், வெள்ளிக்கிழமை தோறும் நாற்பது பெட்டி விற்றிருந்தது. ஒரு வாரம் முப்பத்தெட்டு, அடுத்த வாரம் நாற்பத்து மூன்று என்றெல்லாம் ஆட்டமே இல்லை. நாற்பது, நாற்பது, நாற்பது, ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. இவ்வளவு ஒழுங்கான தேவையை நான் பார்த்ததே இல்லை, மாடலும் அதைக் கனகச்சிதமாகப் பிடித்தது. சந்தோஷமாகக் கடை மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், வர்றதே நாப்பது பெட்டிதான். பதினோரு மணிக்குக் காலி. அதுக்கப்புறம் வந்து கேட்டுட்டுப் போனவங்க உங்க கம்ப்யூட்டர்ல எங்க இருக்காங்க?"

விற்பனை வேறு, தேவை வேறு என்பது அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. தட்டு காலியான நிமிடத்திலிருந்து தேவை எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. புள்ளியியல்காரர்கள் இதை மேல் பக்கம் மறைக்கப்பட்ட தரவு என்பார்கள், அதைச் சரிசெய்யப் பழைய முறைகளும் உண்டு. பாடப்புத்தகத்தில் நானும் படித்ததுதான். ஆனால் பரீட்சையில் கேள்வி வரும்போது 'இது மறைக்கப்பட்ட தரவு' என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள், நிஜத்தில் யாரும் சொல்வதில்லை.

இரண்டாவது பாடம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அதற்குப் பெயரே பேப்பர் விற்பவர் கணக்கு. காலையில் எத்தனை பேப்பர் வாங்கி வைப்பது? குறைவாக வாங்கினால் கேட்பவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும், லாபம் போச்சு. அதிகமாக வாங்கினால் சாயங்காலம் மிஞ்சுவது பழைய பேப்பர் விலைக்குக்கூடப் போகாது. 1888-ல் எட்ஜ்வொர்த் என்ற பொருளாதார அறிஞர் வங்கிகள் எவ்வளவு ரொக்கம் கையில் வைத்திருக்க வேண்டும் என்று யோசித்தபோதே இந்தக் கணக்கின் கரு வந்துவிட்டது. 1951-ல் ஆரோ, ஹாரிஸ், மார்ஷாக் என்ற மூவர் சரக்கு இருப்பைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது வணிகப் படிப்பின் பாடமாகவே ஆகிவிட்டது.

நான் அதுவரை கட்டிய மாடல்கள் எல்லாம் இரண்டு பக்கத் தவறையும் ஒரே தராசில் நிறுத்தன. பத்து பெட்டி கூடக் கணித்தாலும் பத்து பெட்டி குறையக் கணித்தாலும் அதற்கு ஒரே மார்க்தான். பணம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு பெட்டியை 60-க்கு வாங்கி 100-க்கு விற்கிறோம் என்று வையுங்கள். ஒரு பெட்டி குறைந்தால் 40 லாபம் போகும், ஒரு பெட்டி மிஞ்சினால் 60 முதல் போகும். கணக்குப்படி 40-ஐ 40-ம் 60-ம் சேர்ந்த 100-ஆல் வகுக்க வேண்டும்: 0.4. அதாவது நூறு நாளில் நாற்பது நாள் மட்டும் போதுமாக இருந்து, மற்ற அறுபது நாள் சரக்கு தீர்ந்துபோகிற அளவுக்கு வாங்குவதுதான் கடைக்கு லாபம். சராசரித் தேவையைத் துல்லியமாகக் கணித்துக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் ஏன் அதைவிடக் குறைவாக வாங்குகிறார், இவருக்குக் கணக்கே தெரியவில்லையே என்று நான் குறைப்பட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்திய அந்த மனுஷர் மனக்கணக்கிலேயே சரியாகத்தான் செய்திருக்கிறார்.

இப்போது அதே கணக்கில் ஒரே ஒரு வரியை மாற்றுவோம். விற்காத பெட்டியைச் சப்ளையர் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும், ஏற்றி இறக்கும் செலவாகக் கடைக்கு 10 மட்டும் நஷ்டம் என்று ஒப்பந்தம். இப்போது 40-ஐ 50-ஆல் வகுக்க வேண்டும்: 0.8. நூறில் எண்பது நாள் தட்டு காலியாகவே ஆகாத அளவுக்குக் கடை இனி வாங்கிக் குவிக்கும். வாடிக்கையாளர் மாறவில்லை, மழை மாறவில்லை, என் மாடல் மாறவில்லை; ஒப்பந்தத்தில் ஒரு வரி மாறியது, குப்பைக்குப் போகும் அளவு ஏறிவிட்டது. ஐரோப்பாவில் ரொட்டி வியாபாரத்தில் இந்தத் திருப்பி எடுக்கும் வழக்கம் பரவலாக உண்டு, சாயங்காலமும் அலமாரி நிறைய ரொட்டி அடுக்கியிருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கணிப்பு சரியில்லாததால் வீணாகிறது என்று அந்த அலமாரியைப் பார்த்து எழுதினால், எழுதியவர் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

சரி, இனி என் சொந்தக் கதை. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் கடைகளில் முன்பெல்லாம் இரண்டு நாள் முன்னாலேயே ஆர்டர் போட்டாக வேண்டும். இரண்டு நாளில் வானிலை மாறும், பக்கத்துக் கடை தள்ளுபடி போடும், கணிப்பு தடுமாறும். நான் ஒரு யோசனை சொன்னேன்: ஆர்டரை முதல் நாள் ராத்திரி பத்து மணிக்கு முடிவு செய்வோம், அன்றைய விற்பனை வரைக்கும் மாடலுக்குக் கொடுத்துவிடலாம். செய்தோம். தவறு மளமளவென்று இறங்கியது. கடைக்குப் பின்னால் இருந்த கழிவுத் தொட்டிகள் கண்ணுக்குத் தெரிய இளைத்தன. ஆபீசில் கேக் வெட்டினார்கள், என் படத்தைப் போட்டு ஒரு மெயிலும் சுற்றியது.

சில மாதம் கழித்து வேறு வேலையாக ஒரு சப்ளையரின் பேக்கிங் கொட்டகைக்குப் போனேன். காலை ஆறரை மணி இருக்கும். எங்கள் லாரி கிளம்பிப் போயாகிவிட்டது. சுவர் ஓரமாக, தார்ப்பாய் மூடி, வரிசையாகப் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கியிருந்தன. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே எல்லாம் நல்ல சரக்கு, தண்ணீர் தெளித்து ஈரம் காயாமல், எங்கள் கம்பெனி லேபிள் ஒட்டி. இது ஏன் போகவில்லை என்று கேட்டேன். அவர் சாவகாசமாக வெற்றிலை மடித்தபடி சொன்னார்: "உங்க மெசேஜ் ராத்திரி பத்து மணிக்கு வருது தம்பி. ஆளுங்க மத்தியானமே இறங்கி அறுத்துட்டாங்க. நூறு பெட்டி வரும்னு நினைச்சு அறுத்தேன், எழுபதுன்னு போட்டீங்க. அறுத்ததைத் திரும்பச் செடியில ஒட்ட முடியுமா?"

என் மாடல் கெட்டிக்காரத்தனமாக எதையும் கணிக்கவில்லை என்பது அங்கே நின்றபோது புரிந்தது. கணிக்க வேண்டிய நேரத்தைத் தள்ளிப்போட்டு, அந்த ஊகத்தை இன்னொருவர் தலையில் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். அறுவடைக்கு முன்னால் யாரோ ஒருவர் ஊகித்தே ஆக வேண்டும், அதிலிருந்து தப்ப வழியில்லை. முன்பு எங்கள் கடைகளின் விற்பனைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் ஊகித்தோம். இப்போது எந்தக் கணக்கும் கையில் இல்லாத அவர் ஊகிக்கிறார், அதனால் மொத்தத்தில் ஊகம் முன்பைவிட மோசம். ஆனால் அந்த முப்பது பெட்டிக்குப் பில் கிடையாது. பில் போடாத சரக்கு டேட்டாவில் இல்லை. டேட்டாவில் இல்லாதது என் படத்தில் இல்லை. நான் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இது எங்கள் கம்பெனியின் கணக்கில் மட்டும் உள்ள ஓட்டை என்று நினைத்தேன், உலகக் கணக்கிலேயே இருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2019-ல் சொன்ன எண்ணை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம்: விளைந்த உணவில் சுமார் 14 சதவீதம் சில்லறைக் கடையை அடையும் முன்பே தொலைகிறது. அந்த எண் அறுவடை முடிந்த பிறகுதான் எண்ண ஆரம்பிக்கிறது. விலை போகாததால் வயலிலேயே விடப்பட்டது, அறுக்காமல் உழுது மடக்கியது எல்லாம் அதில் வராது. 2021-ல் உலக இயற்கை நிதியமும் டெஸ்கோ என்ற பிரிட்டிஷ் கடைத்தொடரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை வயல்மட்டத்தையும் சேர்த்து மதிப்பிட்டது. பண்ணையிலேயே தொலைவது வருடத்துக்கு 120 கோடி டன் என்றது. வயலுக்குப் போய் எண்ணுவது கஷ்டம், அதனால் இது மதிப்பீடுதான், முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் எண்ணக் கஷ்டம் என்பதற்காகப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்வது என் தொழிலில் பெரிய பாவம், அதைத்தான் நான் செய்திருந்தேன்.

(இன்னொரு முனையையும் சொல்லிவிடுகிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் கடை, உணவகம், வீடு மூன்றிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளில். நம் வீட்டு ஃபிரிட்ஜின் அடித்தட்டுக்கு எந்த மாடலும் எட்டாது. அது வேறு கடிதம்.)

அப்புறம், தகவல் ஒவ்வொரு கையாக மாறும்போது என்ன ஆகிறது என்பது ஒரு விஷயம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் 1961-ல் காட்டியது இது: கடையில் தேவை கொஞ்சம் அசைந்தால், மொத்த வியாபாரியிடம் அது இன்னும் பெரிதாக அசைகிறது, ஆலைக்குப் போகும்போது பேயாட்டம் ஆடுகிறது. 1997-ல் ஹவ் லீ என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இதற்கான காரணங்களை அலசி, சாட்டையடி விளைவு என்ற பெயரை எல்லார் வாயிலும் பழக்கிவிட்டார்கள்; கைப்பிடியைச் சின்னதாகச் சுண்டினால் நுனி எகிறுமே, அதே மாதிரி. ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவரின் ஆர்டரைத்தான் பார்க்கிறார், சாப்பிடுகிறவரைப் பார்ப்பதில்லை. சரக்கு கிடைக்காதோ என்ற பயத்தில் எழுபது வேண்டிய இடத்தில் நூறு கேட்கிறார், மேலே இருப்பவர் அதை நூறு என்றே நம்புகிறார். இதில் யாரும் முட்டாள் இல்லை என்பதுதான் கொடுமை. ஃபாரஸ்டரின் வழியில் வந்த ஒரு விளையாட்டு உண்டு, கடை முதல் ஆலை வரை நான்கு கட்டத்தில் நான்கு பேர் உட்கார்ந்து ஆர்டர் போட வேண்டும். எங்கள் டீமில் விளையாடினோம். மூவர் புள்ளியியலில் பட்டம் வாங்கியவர்கள். அரை மணி நேரத்தில் ஒருவர் கிடங்கு நிரம்பி வழிந்தது, இன்னொருவர் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

2020-ல் பொதுமுடக்கம் வந்தபோது உலகமே இந்த விளையாட்டை ஆடியது. ஒரு பக்கம் அமெரிக்காவில் பண்ணைகளில் பாலைக் கீழே கொட்டினார்கள், இன்னொரு பக்கம் கடைகளில் ஆளுக்கு இத்தனைதான் என்று அளந்து கொடுத்தார்கள். பதுக்கல், சதி என்று அப்போது ஆளாளுக்குப் பேசினார்கள். பிரிட்டனில் மாவு கதையைப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். மாவு ஆலைகள் ராப்பகலாக ஓடின, கோதுமைக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் கடையில் மாவு இல்லை. ஏனென்றால் அங்கே அரைக்கும் மாவில் சுமார் 4 சதவீதம்தான் கடைகள் வழியாகச் சில்லறைப் பைகளில் வீடுகளுக்குப் போகும். மிச்சமெல்லாம் பேக்கரிகளுக்கும் உணவு ஆலைகளுக்கும் டேங்கர் லாரியிலும் பெரிய மூட்டையிலும் போவது. வீட்டில் அடைந்து கிடந்த ஜனங்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் ரொட்டி சுட ஆரம்பித்ததும், சின்னப் பையில் அடைக்கிற மெஷின்தான் தட்டுப்பாடானது. மாவு தட்டுப்பாடு இல்லை, பை தட்டுப்பாடு! தேவையை எவ்வளவு துல்லியமாகக் கணித்திருந்தாலும் அந்த மெஷின் ஒரே வாரத்தில் இரட்டிப்பாகியிருக்காது. 4 சதவீதச் சந்தைக்காக வருடம் முழுக்க உபரி மெஷின் வாங்கி சும்மா நிறுத்திவைக்க யார் பணம் போடுவார்கள்?

இடைத்தரகர் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கட்டுரையாளர் அதிகம் சூடானது அங்கேதான். நானும் அவர்களை ஒழிக்க வேண்டும் என்ற கட்சியில் இருந்தவன். அமெரிக்க வேளாண் துறை வருடா வருடம் போடும் கணக்கில், உள்நாட்டு உணவுக்கு மக்கள் செலவழிக்கும் ஒரு டாலரில் பண்ணைக்குப் போய்ச் சேருவது 15 சென்ட் சொச்சம்தான். இதைப் பார்த்ததும் மிச்சம் 85 சென்டையும் எவனோ கொள்ளையடிக்கிறான் என்று தோன்றும். அந்த 85-ல் லாரி, டீசல், குளிர்பதனம், பேக்கிங், ஆலை, கடை வாடகை, உணவகத்தில் சமைத்துப் பரிமாறுகிறவரின் சம்பளம் எல்லாம் அடக்கம். அதற்காக அதில் கொள்ளை இல்லை என்று சொல்ல வரவில்லை. வாங்குகிறவர்கள் நாலே பேராகச் சுருங்கிவிட்ட சந்தைகள் உண்டு. அமெரிக்காவில் கொழுக்கவைத்த மாடுகளில் கிட்டத்தட்ட 85 சதவீதத்தை நான்கு கம்பெனிகள்தான் வாங்கி வெட்டுகின்றன. அங்கே விலை பேச விற்பவருக்கு வாய் ஏது?

ஆனால் அந்தக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த முப்பது பெட்டியை வாங்க ஒன்பது மணிக்கு டெம்போவோடு வந்தவர் யார் தெரியுமா? ஒரு தரகர்தான். அடிமாட்டு விலைக்குத்தான் கேட்டார். இருந்தாலும் அவர் வராவிட்டால் அது உரக்குழிக்குப் போகும். எங்கள் கணிப்பு தப்பும்போதெல்லாம் அந்தத் தப்பை விலை கொடுத்து வாங்குகிற ஒரே ஆள் அவர். அவரை ஒழித்துவிட்டு நேரடிக் கொள்முதல் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட நாங்கள் எழுபது பெட்டிக்கு மட்டும்தான் நேரடி.

தகவலால் சந்தை திருந்தும் என்பதற்கு எல்லாரும் காட்டும் ஆய்வு ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-ல் வெளியிட்டது, கேரளக் கடற்கரையில் நடந்தது. 1997-க்கும் 2001-க்கும் இடையில் அங்கே செல்போன் வந்தது. படகில் இருந்தபடியே மீன் இறக்கும் எந்தத் துறையில் என்ன விலை என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டார்கள். துறைக்குத் துறை மலைக்கும் மடுவுக்குமாக இருந்த விலை ஒரே மட்டத்துக்கு வந்தது, வாங்க ஆளில்லாமல் கடலில் கொட்டியது நின்றது, மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் ஏறியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் இறங்கியது. என் மாதிரி ஆட்களுக்கு இது வேத வாக்கு. பிறகு அதே கடற்கரைக்குப் போய்ப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், எல்லா மீனவருக்கும் நினைத்த துறைக்குப் படகைத் திருப்பும் சுதந்திரம் இல்லை என்று எழுதினார்கள். படகு வாங்க ஏலக்காரரிடம் கடன் பட்டிருந்தால் அவரிடமே மீனைக் கொடுத்தாக வேண்டும். அடுத்த துறையில் என்ன விலை என்று போன் சொல்லும், கடனை யார் அடைப்பது என்று சொல்லாது. செயலி செய்து இடைத்தரகரை அகற்றுகிறோம் என்று கிளம்புகிறவர்கள், அவர் அதுவரை முன்பணம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதே முன்பணம்தான் கழுத்தில் மாட்டிய கயிறும். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

விலையைக் கணித்து விவசாயிக்குச் சொல்லிவிட்டால் போதுமே என்கிறீர்களா? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1928-ல் ஆர்தர் ஹனாவ் என்ற ஜெர்மானியர் பன்றி விலை ஏறி இறங்கும் சுழற்சியை எழுதிக் காட்டினார். விலை ஏறிய வருடம் எல்லாரும் குட்டிகளை வளர்க்கிறார்கள், அவை சந்தைக்கு வரும்போது விலை விழுகிறது, உடனே எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், மறுபடி ஏறுகிறது. 1938-ல் மொர்டெகாய் எசெக்கியல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இதைச் சிலந்தி வலைத் தேற்றம் என்று விளக்கினார். படம் போட்டால் வலை மாதிரியே இருக்கும். அடுத்த பருவத்தில் இந்தப் பயிருக்கு நல்ல விலை என்று என் மாடல் லட்சம் பேருக்கு ஒரே நாளில் குறுஞ்செய்தி அனுப்பினால், லட்சம் பேரும் அதையே நடுவார்கள், என் கணிப்பை என் கணிப்பே பொய்யாக்கும். மழையைக் கணித்தால் மழை அதைக் கேட்டு மனம் மாறுவதில்லை. விலையைக் கணித்தால் விலை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, கிடங்கு. 1699-ல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் டேவனன்ட் அச்சிட்ட ஒரு பழைய கணக்கு, கிரெகரி கிங் பெயரையும் சேர்த்து வழங்குவது: விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் நாலரை மடங்கு கூடும். வயிறு காத்திருக்காது என்பதுதான் காரணம். ஆனால் கிடங்கில் சரக்கு இருக்கும் வருடம் இதே குறைவு வந்தால் விலை அவ்வளவாக அசையாது. கிடங்கு காலியான வருடம் வதந்தி கூடப் போதும். 2007 கடைசியிலிருந்து 2008 வரை அரிசிக்கு நடந்ததைப் பாருங்கள்: உலகில் பெரிய விளைச்சல் சேதமே இல்லை, ஏற்றுமதி நாடுகள் ஒவ்வொன்றாகத் தடை போட்டன, இறக்குமதி நாடுகள் பதறிப்போய் அள்ளின, சில மாதங்களில் உலக விலை கிட்டத்தட்ட மூன்று மடங்காகி டன்னுக்கு 1,000 டாலர் வரை போனது. மே மாதம் ஜப்பான் தன் கிடங்கில் இருந்த இறக்குமதி அரிசியை வெளியே விடும் என்ற பேச்சு வந்தது. ஒரு மூட்டை நகரும் முன்னே விலை இறங்க ஆரம்பித்தது. அமைதியான பத்து வருடத் தரவை மென்று வளர்ந்த மாடல் இந்த ஒரு வருடத்தில் என்ன செய்யும்? கையைப் பிசையும். கிடங்கு இருப்பைப் பற்றிய நம்பகமான எண்கள் வேண்டும் என்றுதான் ஜி20 நாடுகள் 2011-ல் வேளாண் சந்தைத் தகவல் அமைப்பைத் தொடங்கின. என்னைக் கேட்டால், புது அல்காரிதம் பத்தைவிட அந்த மாதிரி சலிப்பான வேலை ஒன்று மேல்.

ஆக, கணிப்பு தப்பும், அந்தத் தப்புக்கு யாரோ தண்டம் கட்டுவார்கள். அது யார் என்பதை என் மாடல் தீர்மானிப்பதில்லை, ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் கொண்டுவந்த சட்டம் இதைப் புரிந்துகொண்டு எழுதியது மாதிரி இருக்கிறது: சீக்கிரம் கெடும் உணவுப்பொருளுக்குக் கொடுத்த ஆர்டரைப் பெரிய நிறுவனம் 30 நாளுக்குக் குறைவான அவகாசத்தில் ரத்து செய்யக் கூடாது, பணத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், விற்காததைக் காசு கொடுக்காமல் திருப்பி அனுப்புவதானால் அதை முன்கூட்டியே தெளிவாகப் பேசியிருக்க வேண்டும். சட்டம் இருந்தாலும் புகார் கொடுக்கும் சப்ளையருக்கு அடுத்த வருடம் ஆர்டர் கிடைக்குமா என்ற பயம் இருக்கத்தான் செய்யும்.

அந்தக் கொட்டகையிலிருந்து திரும்பி வந்து மேலிடத்தில் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, பத்து நாள் கணிப்பைச் சப்ளையருக்கும் அனுப்புவோம், அதில் எண்பது சதவீதத்தை எப்படியும் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுத்தில் கொடுப்போம். இரண்டு, அறுத்து அனுப்ப முடியாமல் போன பெட்டிகளை எண்ணுவோம், அதையும் என் மாடலின் தவறாகவே கணக்கு வைப்போம். முதலாவதில் கணிப்பை அனுப்பச் சம்மதித்தார்கள், எழுத்தில் கொடுப்பது பரிசீலனையில் இருக்கிறது. பரிசீலனை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவதற்கு உடனே சரி சொல்லிவிட்டார்கள், செலவில்லாத காரியம் ஆயிற்றே. சப்ளையர்கள் நிரப்பும் படிவத்தில் 'அனுப்பாத பெட்டிகள்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன்.

மூன்று வாரம் அந்தக் கட்டத்தில் யாரும் ஒரு எண்ணும் போடவில்லை. நான்காவது வாரம் அந்தக் கொட்டகைப் பெரியவரே போன் செய்தார். "தம்பி, புதுசா ஒரு கட்டம் வந்திருக்கே, அதுல எழுதினா காசு வருமா, இல்ல இவனுக்கு அறுக்கவே தெரியலைன்னு ஆர்டரைக் குறைப்பீங்களா?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்